லாக்லன் கில்லீஸின் அடக்க ஒத்திகை

லாக்லன் கில்லீஸ் ஆயுளில் ஒருநாளும் யாருக்கும் இடைஞ்சலாக இருந்தவர் அல்ல. காலமெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார், வழியில் ஒரு ஆட்டின் வாலைக்கூட மிதித்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் சாவதற்கு மட்டும், சுற்றுலா விருந்தினர்களுக்கு ஊரின் பழைய வாழ்க்கையைக் காட்டுகிற மரபு வாரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை, ஓட்ஸ் கஞ்சியைக் குடித்து முடித்துக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான்.

ஆர்வான் பள்ளத்தாக்கில் மரபு வாரத்தின்போது யாரும் சாகக் கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. அப்படி ஒரு விதி தேவைப்படும் என்று மரபு அனுபவ வாரியம் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த வாரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள் கண்ணுகளா. மழை பெய்த மறுநாள் காளான் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கிறார்கள்? முதலில் வந்து தேவாலயத்தின் ஓட்டைக் கூரையைச் சரிசெய்து கொடுத்தார்கள். ஊரே நன்றி சொன்னது. நன்றிக்கு அடையாளமாகக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஊர்க் கூடத்தை. பிறகு சாலையை. கடைசியில் ஆடுகளுக்கு வந்தார்கள். சுற்றுலா விருந்தினர்கள் வருகிற நாட்களில் சாலையோரம் கருமூஞ்சி ஆடுகள் மட்டும்தான் மேய வேண்டும், வெள்ளைமூஞ்சி ஆடுகளுக்கு மரபு போதாது, அவை மலைக்குப் பின்னால் போக வேண்டும் என்றார்கள். லாக்லனின் தம்பி ஃபார்க்கரிடம் இருந்ததெல்லாம் வெள்ளைமூஞ்சி ஆடுகள். சரி என்றார். விருந்தினர் நாட்களில் விடிந்ததும் ஆடுகளை மலைக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போவார், பொழுது சாய்ந்ததும் திரும்ப ஓட்டிக்கொண்டு வருவார். ஆடுகளுக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

வாரியத்தின் தலைவர் பெரெக்ரின் ஹால்டேன். தெற்கே எங்கேயோ பயணப் பெட்டி வியாபாரம் செய்து ஓய்வுபெற்று வந்தவர். வருஷம் முழுக்க, எல்லா நாளும் அந்தக் காலத்து ஆண்கள் கட்டிய கில்ட் பாவாடை கட்டுகிறவர் பள்ளத்தாக்கில் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவ்வப்போது முள்கம்பி வேலி தாண்டுகிற வேலை இருந்தது.

லாக்லனைக் கண்டுபிடித்ததும் அவர்தான். வெண்தாடியும் சுருக்கம் விழுந்த முகமுமாக லாக்லன் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அங்கேயே அவரை 'பள்ளத்தாக்கின் கடைசிக் கிழவர்' என்று நியமித்தார். அவரைவிட மூத்த கிழவர்கள் ஊரில் ஐந்தாறு பேர் இருந்தார்கள், அவர்களுக்குத் தாடி இல்லை. லாக்லனின் முகம் வெண்ணெய் பிஸ்கட் டப்பா மூடியில் ஏறியது. அவரைப் புல்வேய்ந்த குடிசை ஒன்றில் உட்காரவைத்தார்கள். நடு அறையில் விறகுக்குப் பதிலாக மூட்டிய சதுப்புமண் கட்டிகள் புகைந்துகொண்டிருக்கும். புகைபோக்கி பழைய முறைப்படி கிடையாது. கண்ணாடி மரபு அல்ல என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். அது இல்லாமல் அவருக்குக் கைநீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஒரு மழைநாளில் அவர் கோட்டு மாட்டுகிற கம்பத்துக்கு முழுசாக ஒரு கதை சொல்லி முடித்தார். விருந்தினர்கள் மறுபக்கம் உட்கார்ந்து கைதட்டினார்கள். புகையில் அவருக்கு வந்த இருமலை வாரியம் ஒலிப்பதிவு செய்து வரவேற்பு அறையில் ஓடவிட்டது.

வீட்டில் அவர் தொலைக்காட்சியில் ஸ்னூக்கர் பார்ப்பார், நூடுல்ஸ் சாப்பிடுவார். டோலினா மக்ரேயோடு இருந்தார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மறந்துவிட்டோம் என்பார் லாக்லன். அவர் கேட்கவில்லை என்பாள் டோலினா. பத்தொன்பது வருஷம் அப்படியே போயிற்று. ஆனால் கடைசிக் கிழவர் தனிக்கட்டையாக இருந்தால்தான் விருந்தினர்களுக்கு மனசு கரையும் என்று வாரியம் முடிவு செய்திருந்தது. குடிசைப் பக்கம் வர வேண்டாம் என்று டோலினாவைக் கேட்டுக்கொண்டார்கள். அவள் மீன் வறுத்து விற்கிற வண்டி வைத்திருந்தாள். வறுத்த மீனும் மரபு அல்ல என்று அந்த வண்டியையும் ஊர்ப் பெயர்ப் பலகைக்கு அப்பால் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். அந்த இடத்தில் மரக்கிண்ணத்தில் முள்ளங்கிக் கஞ்சி விற்றார்கள். அதை அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாரும் அதற்கு முன் குடித்ததில்லை, பின்பும் குடித்ததில்லை.

இனி கயிறு விஷயம் சொல்ல வேண்டும். அங்கெல்லாம் பெட்டியைக் குழிக்குள் இறக்குவது கூலியாட்கள் வேலை அல்ல. பெட்டியைச் சுற்றி எட்டுக் கயிறுகள். இன்ன கயிறு இன்னாருக்கு என்று உண்டு. தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய உறவுக்கு. கால்மாட்டுக் கயிறு அதற்கு அடுத்தவருக்கு. மீதி ஆறும் சொந்தத்துக்கும் சிநேகிதத்துக்கும். எட்டுப் பேரும் சேர்ந்து மெதுவாக இறக்கி, பெட்டி மண்ணைத் தொட்டதும் கயிற்றின் நுனியை உள்ளே போட்டுவிடுவார்கள். ஒருவர் இன்னொருவருக்கு எவ்வளவு வேண்டியவர் என்று கேட்டால், 'நான் அவருக்கு மூன்றாம் கயிறு' என்று பதில் சொல்கிற ஊர் அது. கயிறு கொடுக்காததற்காகத் தலைமுறையாகப் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் உண்டு.

தனக்குத் தலைமாடு, டோலினாவுக்குக் கால்மாடு. ஃபார்க்கர் அதை யோசிக்கக்கூட இல்லை. அண்ணனை அம்மாவுக்குப் பக்கத்தில், தேவாலயத்தின் பின்பக்க மூலையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார், குழி தோண்ட அனுமதி கேட்க.

அங்கே ஜெரால்டின் பிம் இருந்தாள். அனுபவ அலுவலர். காதில் ஒரு பேச்சுக் கருவி, கையில் ஒரு அட்டை. மிகவும் வருந்துகிறேன் என்று சொன்னாள், உண்மையாகவே வருந்தினாள், பிறகு அட்டையைப் பார்த்தாள். இந்த வாரம் முழுக்க நிகழ்ச்சி. அடுத்த வாரத்திலிருந்து கல்லறைத் தோட்டத்துச் சுவரின் பாசியைப் பாதுகாக்கும் பணி, வசந்தம் வரைக்கும் பூட்டு. அவசரமென்றால் நகரத்தில், டயர் கடைக்குப் பின்னால் புதிய இடுகாடு இருக்கிறது, வாகனம் நிறுத்த வசதியும் உண்டு என்றாள்.

அதற்குள் உள்ளறையிலிருந்து ஹால்டேனே எழுந்து வந்துவிட்டார். ஃபார்க்கரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஃபார்க்கர், உங்க இழப்பு எங்க இழப்பு. யோசிச்சுப் பாத்தா எங்களோடது கொஞ்சம் பெரிசு. நீங்க ஒரு அண்ணனை இழந்திருக்கீங்க. நாங்க அட்டைப் படத்தையே இழந்திருக்கோம். ஆனா நான் துக்கத்துல முடங்கிப் போற ஆள் இல்லை. உங்க அண்ணனுக்கு இடம் இல்லைன்னு நாங்க சொல்லவே மாட்டோம். சனிக்கிழமை, மரத்தூண் எறியற போட்டிக்கும் நாய் ஆடு மேய்க்கற போட்டிக்கும் நடுவுல, அருமையான இடம் இருக்கு."

ஃபார்க்கர் புரியாமல் நின்றார். தலைவர் விளக்கினார். விருந்தினர்களுக்கு வாரியம் கல்யாணம் காட்டியிருக்கிறது, அறுவடை காட்டியிருக்கிறது, பொய்ச் சண்டைகூடக் காட்டியிருக்கிறது. சாவு மட்டும் காட்ட முடியாமல் இருந்தது, யாரும் ஒத்துழைக்காததால். இப்போது லாக்லன் அந்தக் குறையையும் தீர்த்துவிட்டார். கடைசிக் கிழவரின் அடக்கம், பழைய முறைப்படி.

ஃபார்க்கருக்குச் சொல்லத் தோன்றியது நிறைய. வாயில் வந்தது "சரி" என்பதுதான். அவர் எப்போதும் அப்படித்தான்.

புதன்கிழமை ஊர்க் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். எதற்கு என்று தெரியாமல் போனார். மேடையில் ஒரு வெறும் மேசை இருந்தது. எதிரே தலைவரும் ஜெரால்டினும் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவரின் தம்பி என்ற பாத்திரத்துக்கு ஆள் தேர்வு என்றார்கள். நான்தானே தம்பி என்றார் ஃபார்க்கர். அதனால்தான் முதலில் உங்களைக் கூப்பிட்டோம், சலுகை என்றார்கள். அந்த மேசையை அண்ணனின் பெட்டியாக நினைத்துக்கொண்டு துக்கப்பட வேண்டும்.

ஃபார்க்கர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார். மேசையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று ஜெரால்டின் கனிவாகக் கேட்டாள்.

முடித்துவிட்டேன் என்றார் ஃபார்க்கர்.

மூவரும் குனிந்து பேசிக்கொண்டார்கள். துக்கம் இருக்கிறது, ஆனால் மூன்றாவது வரிசைக்குத் தெரியாது என்பது தீர்ப்பு. அடுத்து கிளாஸ்கோவிலிருந்து வந்த செந்தாடிக்காரர் ஒருவர் மேடை ஏறினார். நடிகர். மார்பில் அறைந்துகொண்டார், மேசைமேல் விழுந்தார், மேசையின் ஒரு கால் கழன்றது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுதான் அண்ணனைப் பறிகொடுத்த முகம் என்றார். போகிற வழியில் அந்த நடிகர் ஃபார்க்கரிடம் தணிந்த குரலில், உங்கள் அண்ணன் நல்லவரா, பாத்திரத்தைப் புரிந்துகொள்ளக் கேட்கிறேன் என்றார். நல்லவர்தான் என்றார் ஃபார்க்கர். நடிகர் நன்றி சொல்லிக் கைகுலுக்கினார். அந்த வாரம் லாக்லனைப் பற்றி விசாரித்த ஒரே ஆள் அவர்தான், பாவம், அவரைக் குறை சொல்லக் கூடாது.

ஃபார்க்கருக்கு 'கூட்டத்தில் ஒருவர், இடப்பக்கம்' என்று இடம் கொடுத்தார்கள். எட்டுக் கயிறுகளும் உயர்தர அனுபவச் சீட்டு வாங்கிய எட்டு விருந்தினர்களுக்கு. தலைமாடு டூசல்டார்ஃபிலிருந்து வரும் பல் மருத்துவர் ஸ்டீன்ஹாஃப். கால்மாடு ஒஹாயோவிலிருந்து வரும் ப்ரூபேக்கர்.

அப்போதுதான் ஃபார்க்கர் வாயைத் திறந்தார். தன் கயிறு போனால் போகட்டும், டோலினாவுக்கு மட்டும் கால்மாட்டைக் கொடுங்கள் என்று கேட்டார். தலைவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"பொம்பளைங்க குழிக்குப் பக்கத்துல வர்றது இந்தப் பள்ளத்தாக்கு மரபு இல்லை ஃபார்க்கர். நாங்க ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்."

"எங்க அம்மாவுக்கு எங்க சின்னம்மா கயிறு பிடிச்சாங்க. நான் பாத்தேன்."

"நீங்க பாத்தது மரபு கெட்டுப்போன காலம். உங்களை மாதிரி இங்கயே வாழ்ந்தவங்களுக்கு இதான் சிக்கல். நடந்ததையெல்லாம் மரபுன்னு நினைச்சுக்கறீங்க. தவிர, அந்தம்மா யாரு? எங்க விளம்பரத்துல லாக்லன் தனிக்கட்டை."

ஊர்ப் பலகைக்கு அப்பால் டோலினா வண்டியில் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஃபார்க்கர் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் தேய்ப்பது மெதுவாகி, நின்றே விட்டது.

"நீ என்ன சொன்னே?"

"சரின்னு..."

"உன் கல்லறைக் கல்லுல அதைத்தான் வெட்டணும். 'சரி'ன்னு. பேரே வேணாம், எல்லாருக்கும் யாருன்னு தெரிஞ்சுடும்." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "அந்த மனுசன் துணியைத் துவைச்சேன். அந்தக் குறட்டையில படுத்தேன். வெளியாளுங்க வந்தப்பல்லாம் நான் இல்லவே இல்லைங்கற மாதிரி மறைஞ்சு நின்னேன். போகுது, அவருக்கும் ஒரு பொழுதுபோக்குன்னு விட்டேன். இப்ப நான் கேக்கறது ஒரு கயித்து நுனி ஃபார்க்கர். அதுவும் ஒரு நிமிசத்துக்கு."

ஃபார்க்கர் தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். டயர் கடைக்குப் பின்னால் கொண்டுபோனால் டோலினாவுக்குக் கயிறு உண்டு, அம்மா பக்கம் இல்லை. இங்கேயே வைத்தால் அம்மா பக்கம்கூட நிச்சயமில்லை. ஏனென்றால் தலைவர் பின்பக்க மூலையை வேண்டாமென்று சொல்லிவிட்டார். வெளிச்சம் சரியில்லையாம், பின்னணியில் மின்கம்பம் தெரிகிறதாம். மலை தெரிகிற முன்பக்கப் புல்வெளியில் புதிதாக ஒரு குழி என்று முடிவாகியிருந்தது.

வியாழக்கிழமை ஃபார்க்கர் வாட்டி கெடஸின் பட்டறைக்குப் போனார். வாட்டி தச்சர். கதவு, படகு, சவப்பெட்டி எல்லாம் செய்வார், குழியும் தோண்டுவார். வாய் மட்டும் அதிகம் திறக்காது. லாக்லன் அங்கே உள்ளறையில், வாட்டி செய்த சாதாரணப் பெட்டியில் படுத்திருந்தார். ஃபார்க்கர் கொஞ்ச நேரம் அண்ணனோடு இருந்துவிட்டு வெளியே வந்தபோது ஜெரால்டின் வந்து நின்றிருந்தாள். அவளோடு ஒரு வண்டியில் இன்னொரு பெட்டியும் வந்திருந்தது. வாரியத்தின் பெட்டி. முரட்டுப் பலகை, சுற்றிலும் கொடியும் நாரையும் செதுக்கி, புகையில் கறுக்கவைத்தது.

வாட்டி செய்த பெட்டி கடையில் வாங்கியதுபோல இருக்கிறது, சனிக்கிழமைக்கு ஆகாது என்றாள் அவள். அதை வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமைக்குள் லாக்லனைப் புதிய பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

ஒத்திகையா என்று கேட்டார் ஃபார்க்கர்.

முழு ஒத்திகை என்றாள். ஆனால் அதில்தான் தலைவலி. கயிற்றுக்குச் சீட்டு வாங்கிய விருந்தினர்கள் சனிக்கிழமைதான் வருகிறார்கள். நடிகர்களுக்கு வெள்ளிக்கிழமை வேறு ஊரில் வேலை. முன்பக்கப் புல்லை மிதித்துக் கெடுக்கவும் முடியாது. அவள் அட்டையைத் தட்டிக்கொண்டு யோசித்தாள். பிறகு, எதற்கும் பயன்படாத அந்தப் பின்பக்க மூலையில் ஒரு குழி தோண்டிக்கொள்ளலாம் என்றாள். கில்லீஸ் குடும்பத்து இடம்தானே, யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். கயிறு பிடிக்கிற விருந்தினர்களுக்குப் பதிலாக நிற்க ஊர்க்காரர்கள் எட்டுப் பேரைத் திரட்டித் தர முடியுமா என்று ஃபார்க்கரைக் கேட்டாள்.

"சரி" என்றார் ஃபார்க்கர்.

வாட்டி வாயிலிருந்து ஆணியை எடுத்தார். "ஒத்திகைக்குப் பெட்டிக்குள்ள என்னம்மா வைக்கறது? வெறும் பெட்டின்னா காத்துல ஆடும்."

"ஏதாவது ஒரு ஆள் எடைக்கு வைங்க. சரியா இருக்கணும், அப்பதான் கயிறு எவ்வளவு இழுக்கும்னு தெரியும்."

வாட்டி ஃபார்க்கரைப் பார்த்தார். ஃபார்க்கர் வாட்டியைப் பார்த்தார்.

"ஒரு ஆள் எடைக்கு எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார் வாட்டி.

ஜெரால்டின் அதை அட்டையில் குறித்துக்கொண்டாள். இன்னொன்று, ஒத்திகை முடிந்ததும் அந்தக் குழியை உடனே மூடிப் புல்லையும் பதித்துவிட வேண்டும், விருந்தினர் யாராவது விழுந்துவிட்டால் வாரியம் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். பெட்டியைத் திரும்ப எடுக்க வேண்டாமா என்று வாட்டி கேட்டார், நேர்மையான ஆள், கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெட்டியை இனி யார் பார்க்கப் போகிறார்கள், கிடக்கட்டும் என்றாள்.

கண்ணுகளா, அவர்கள் ஒரு சூழ்ச்சியும் செய்யவில்லை. சொன்னதைச் செய்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் வாரியம் சொன்னதை அவ்வளவு அக்கறையாக யாரும் அதற்கு முன் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஒத்திகைக்கு எட்டுப் பேர் கேட்டிருந்தார்கள், ஊரே வந்திருந்தது. பள்ளிக்கூடப் பேருந்தில் ஏறி வளர்ந்தவர்கள், இப்போது தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெரால்டின் அசந்துபோனாள். ஒத்திகைக்கே இவ்வளவு ஆர்வமா என்று காதிலிருந்த கருவியில் தலைவருக்குச் சொன்னாள்.

போதகர் இஷ்பெல் டல்லாக் கறுப்பு அங்கியோடு வந்தார். சனிக்கிழமைக்கு அவரை எடுக்கவில்லை. பெண் போதகர் மரபு அல்ல என்பதால் வெண்தாடி ஒட்டிய நடிகர் ஒருவர் வருகிறார். அந்த நடிகருக்குப் பதிலாக இன்று நான் நிற்கிறேன் என்று போதகர் சொன்னார். பார்த்தீர்களா, போதகருக்குப் பதிலாக நடிகர், நடிகருக்குப் பதிலாகப் போதகர். ஜெரால்டினுக்கு அதில் ஒரு குழப்பமும் தெரியவில்லை.

அவள் அட்டையைப் பார்த்து ஒவ்வொருவரையும் நிறுத்தினாள். ஃபார்க்கர் தலைமாட்டில், டூசல்டார்ஃப் பல் மருத்துவருக்குப் பதிலாக. வாட்டியும் லாக்லனோடு ஸ்னூக்கர் பார்க்கிற தபால்காரரும் மற்றவர்களும் ஆளுக்கொரு தூரதேசத்துக் கனவானாக நின்றார்கள். கால்மாடு காலியாக இருந்தது. டோலினா வந்து அங்கே நின்றாள். நீலக் கோட்டுப் போட்டிருந்தாள். கையை நன்றாகக் கழுவியிருந்தாள், ஆனாலும் லேசாக மீன் வாசனை அடித்தது.

ஜெரால்டின் தயங்கினாள். கால்மாட்டுக்காரர் ஒரு ஆண் என்றாள்.

"ஒரு ஆள் குறையுதும்மா" என்றார் ஃபார்க்கர். அத்தனை பேர் சுற்றி நிற்கும்போது அவர் அப்படிச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. சுற்றி நின்ற ஆண்கள் ஒரே சமயத்தில் அவரவர் காலணியைப் பார்த்தார்கள்.

ஜெரால்டின் கூட்டத்தைப் பார்த்தாள், மழையைப் பார்த்தாள். சரி, ஒத்திகைதானே என்றாள்.

போதகர் பேசினார். லாக்லன் இரண்டு மைல் தள்ளி நிற்கும் பிள்ளைக்காகக்கூடப் பேருந்தைத் திருப்புவார் என்று சொன்னார். பனிக்காலத்தில் இருக்கைகளின் மேல் போர்வை விரித்து வைப்பார் என்று சொன்னார். இது எழுதிக் கொடுத்ததில் இல்லையே என்று ஜெரால்டின் அட்டையைப் புரட்டினாள். பிறகு ஜெபம் சொன்னார், அதுவும் கொடுத்ததைவிடச் சிறிதாக இருந்தது.

எட்டுப் பேரும் கயிற்றை இறுக்கினார்கள். பெட்டி எழும்பி, நகர்ந்து, குழிக்கு மேலே வந்தது.

"மிஸ்டர் ஸ்டீன்ஹாஃப், கொஞ்சம் சீக்கிரமா விடறீங்க" என்று ஜெரால்டின் ஃபார்க்கரைப் பார்த்துச் சொன்னாள். ஃபார்க்கர் மெதுவாக விட்டார். "மிஸ்டர் ப்ரூபேக்கர், நல்லா இருக்கு, அப்படியே."

மிஸ்டர் ப்ரூபேக்கராகிய டோலினா கயிற்றை அங்குலம் அங்குலமாக விட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. எண்ணெய் கொதிக்கும்போது சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாளே, அந்த முகம்தான். பெட்டி அடியைத் தொட்டது. தொட்டது எல்லாக் கைகளுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. யாரும் அசையவில்லை. ஒரு பிள்ளை மட்டும் மூக்கை உறிஞ்சியது.

ஜெரால்டினுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "கயித்தை மட்டும் உள்ள போட்டுடாதீங்க. நாளைக்கு வேணும். நம்மகிட்ட இந்த எட்டுதான் இருக்கு."

எட்டுப் பேரும் கயிற்று நுனியைப் பிடித்தபடி நின்றார்கள். ஃபார்க்கர் அவளைப் பார்த்தார். ஆயுள் முழுக்க எது வந்து நின்றதோ அது அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. எதிரே கால்மாட்டில் டோலினா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதும்மா" என்றார் ஃபார்க்கர்.

சத்தமில்லாமல்தான் சொன்னார். விரலைத் திறந்தார். கயிறு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டிமேல் விழுந்தது. டோலினா தன் நுனியை ஒரு தரம் உள்ளங்கையில் சுற்றி, பிரித்து, விட்டாள். அப்புறம் மற்ற ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

ஜெரால்டின் மழையில் நின்று அட்டையில் எழுதினாள். ஒத்திகையைப் பற்றிய குறைகளை அவள் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். ஒழுங்கு பரவாயில்லை. வேகம் போதாது. ஓலம் இல்லை. அழுகை மிகக் குறைவு, அழுதவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்கள், அது புகைப்படத்தில் வராது. ஆகமொத்தம் நம்பும்படியாக இல்லை. நாளைக்கு நல்லவேளையாக நடிகர்கள் வருகிறார்கள். சொல்லிவிட்டுக் கயிறு வாங்க நகரத்துக்கு ஓடினாள்.

வாட்டி குழியை மூடிப் புல்லைப் பதித்தார். பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே இல்லை.

அன்று சாயங்காலம் ஜெரால்டின் பட்டறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள், புதிய பெட்டி தயாரா, உள்ளே வைத்தாகிவிட்டதா என்று. எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இருக்கிறது என்று வாட்டி சொன்னார். செதுக்கிய பெட்டிக்குள் மூன்று மூட்டை ஓட்ஸ் இருந்தது, நல்ல தரம், ஒரு ஆள் எடைக்கு.

சனிக்கிழமை வெயில் அடித்தது. வாரியம் அதற்கும் ஏற்பாடு செய்திருந்ததுபோல இருந்தது. பேக்பைப் ஊதுகிறவர்கள் பன்னிரண்டு பேர் முன்னால் வந்தார்கள். மரத்தூண் எறிந்து முடித்த பயில்வான்கள் வியர்வையோடு பெட்டியைச் சுமந்து வந்தார்கள். ஓலமிடும் பெண்கள் கறுப்பு முக்காட்டோடு சுவருக்கு வெளியே நின்று ஓலமிட்டார்கள். குழிக்குப் பக்கத்தில் வரக் கூடாதே. செந்தாடிக்காரர் பெட்டிமேல் மூன்று முறை விழுந்தார், மூன்றாவது முறை உண்மையாகவே அழுதார். பல் மருத்துவர் ஸ்டீன்ஹாஃப் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அவர் நல்ல மனிதர், அவர் கண்ணீரில் ஒரு பொய்யும் இல்லை. ஓட்ஸுக்கு அப்படி ஒரு மரியாதை எந்த நாட்டிலும் நடந்திருக்காது.

பிறகு தலைவர் பேசினார். ஃபார்க்கர் கூட்டத்தில் ஒருவராக, இடப்பக்கம் நின்று கேட்டார்.

"நண்பர்களே, இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு? ஒரு மனுசன் மட்டுமா? இல்லை. ஒரு முழுப் பள்ளத்தாக்கே இருக்கு. நாங்க வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்தது? ஜனங்க இருந்தாங்க, வாழ்ந்துட்டிருந்தாங்க, செத்துட்டிருந்தாங்க, ஆனா ஏன்னு தெரியாம. ஒருத்தர்கூடப் பாக்க வரலை. லாக்லன் கில்லீஸ் தனியாப் பிறந்தார், தனியா வாழ்ந்தார். அவரை அன்போட வழியனுப்ப யாரும் இல்லாம போயிருப்பார். இன்னைக்கு அவருக்கு நீங்க இருக்கீங்க. சனிக்கிழமைதோறும் இது நடக்கணுங்கறது என் ஆசை. ஊர் ஜனங்க ஒத்துழைச்சா நடக்கும்."

நெடுநேரம் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற விருந்தினர் அம்மாள் ஒருத்தி ஃபார்க்கருக்குக் கைக்குட்டையை நீட்டினாள், அவரிடம் கண்ணீர் இல்லாததைக் கவனிக்கவில்லை. அவர் வாங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டார். போகும்போது தலைவர் அவர் தோளைத் தட்டி, பார்த்தீர்களா, இப்படித்தான் செய்ய வேண்டும் என்றார்.

கூட்டம் நாய்ப் போட்டிக்கு நகர்ந்ததும் ஃபார்க்கர் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். மின்கம்பத்தின் நிழல் விழுகிற மூலையில், புதிதாகப் பதித்த புல்லுக்குப் பக்கத்தில், டோலினா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் காகிதப் பொட்டலம், வறுத்த மீன். நகர்ந்து இடம் கொடுத்தாள். வாளியில் இரண்டு பேருக்கு இடம் போதவில்லை, அவர் புல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"எப்படி நடந்துச்சு?"

"ரொம்ப நல்லா. எல்லாரும் அழுதாங்க."

"அவர் இருந்திருந்தா?"

"ஸ்னூக்கர் நேரமாச்சுன்னு பாதியில எழுந்து வந்திருப்பார்."

டோலினா பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாள். இரண்டு பேரும் தின்றுகொண்டிருந்தபோது ஜெரால்டின் மூலை திரும்பி வந்தாள், அட்டையோடு, மூச்சு வாங்க. விருந்தினர்கள் சிலர் இந்தப் பக்கமாகச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்றாள். வறுத்த மீனும் வாளியும் இருந்தால் படம் கெட்டுவிடும். இங்கே பார்க்கவும் ஒன்றுமில்லை, நேற்று ஒத்திகை நடந்த இடம்தானே. தயவுசெய்து எழுந்து போகிறீர்களா?

ஃபார்க்கர் எழுந்திருக்கவில்லை. டோலினா விரலைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, பெயர்ந்திருந்த ஒரு புல்கட்டியை உள்ளங்கையால் அழுத்தினாள்.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறோம்மா" என்றாள். "எங்களுக்கு இன்னும் ஒத்திகை முடியலை."